அம்மாவைக் கரையில் நிறுத்தி வரைந்த நாள்

முப்பத்தாறு வயதில் நான் வண்ணம் தீட்டக் கற்றுக்கொள்கிறேன். மீஞ்சூரில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் ஞாயிறுதோறும் வகுப்பு. என்னோடு படிப்பவர்களில் பாதிப் பேருக்கு இன்னும் பால்பல்லே முழுதாக விழவில்லை. கோடு போடுவதில் மட்டும் அவர்கள் யாரும் என் பக்கத்தில் வர முடியாது. கட்டட வரைபடம் போடும் வேலையில் பன்னிரண்டு வருடம் குப்பை கொட்டியவள், ஸ்கேல் இல்லாமலே நேர்கோடு இழுப்பேன். பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்த உடனே அந்தக் கெத்தெல்லாம் போய்விடும்.

சொல்லிக் கொடுக்கிற பெண் என்னைவிடச் சின்னவள். நன்றாகத் தெரிந்த முகம் ஒன்றை வண்ணத்தில் வரைந்து வரச் சொன்னாள். எனக்கு நன்றாகத் தெரிந்த முகம் அம்மாவுடையது. அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. நான்கு வாரமாகத் தாளும் கையுமாக உட்கார்கிறேன். கோடு தானாக வந்து நிற்கிறது, நிறம் வைக்கப் போனால் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிடுகிறேன். அவளுக்கு நிறம் வைக்க எனக்கு ஒருமுறை வாய்ப்புக் கிடைத்தது. அதை நான் கெடுத்தேன்.

அப்போது ஏழாம் வகுப்புப் படித்தேன். பழவேற்காட்டு ஏரிக்கரையில் வீடு. ஊரில் மற்றவர்களுக்குப் படகும் வலையும் இருந்தன. எங்கள் ஆட்களுக்குக் கைகள் இருந்தன. தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து ஏரிக்குள் இறங்கி, மண்டியிட்டு, சேற்றைத் தடவித் தடவி இறாலும் நண்டும் பிடிப்பார்கள். இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும்போது பிடித்ததை எங்கே போடுவது? அதற்குத்தான் பறி. பனையோலையில் முடைந்த பை. அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டால் அது கழுத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டே கூட வரும். அம்மா அப்படிக் கடித்திருக்கும்போது உதடு விலகி, கன்னம் ஒரு பக்கமாக இழுத்து, கழுத்து நரம்பு புடைத்து நிற்கும். புடவைக்கு மேலே நைனாவின் பழைய சட்டை. நெற்றி வரைக்கும் சேறு.

அந்த முகத்தை வரைய எனக்குக் கொள்ளை ஆசை. மற்ற முகங்களில் கோட்டுக்கு அவ்வளவு வேலை கிடையாது. அம்மாவின் முகத்தில் இடுக்குக்கு இடுக்கு வேலை இருந்தது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள் முழுவதும் அவள்தான் பறியைக் கடித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அதைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். வீட்டுக்குள் சிரிப்பது வேறு என்பது எனக்குத் தெரியவில்லை.

பள்ளியில் ஓவியப் போட்டி வைத்தார்கள். தலைப்பு, எங்கள் ஊர். மற்ற பிள்ளைகள் கலங்கரை விளக்கமும் பூநாரையும் வரைந்து கலர் அடித்தார்கள். நான் கறுப்புப் பேனாவால் அம்மாவை வரைந்தேன். முதல் பரிசு எனக்கு. தலைமையாசிரியை அதைச் சட்டம் போட்டு, ஆண்டு விழாவுக்கு வருகிறவர்கள் கண்ணில் படும்படி வராந்தாவில் மாட்டச் சொன்னார். அம்மாவைக் கட்டாயம் அழைத்து வா என்று என்னிடம் சொல்லியும் அனுப்பினார்.

அம்மாவிடம் நல்ல புடவை ஒன்றே ஒன்று இருந்தது. எனக்குக் காது குத்தியபோது மாமா எடுத்துக் கொடுத்தது; மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும். விழாவுக்கு அதைக் கட்டிக்கொண்டாள். தலைக்குக் குளித்து, நகத்து இடுக்கிலிருந்த சேற்றை ஈர்க்குச்சியால் எடுத்து, பூ வைத்துக்கொண்டு வந்தாள். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் வலியப் பேசினாள். எங்கே போகிறாய் என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று அவளுக்கு இருந்தது.

வராந்தாவில் என் படத்துக்கு முன்னால் கூட்டம். கடைத்தெருவிலிருந்து வந்த பெண்கள், படகுக்காரர் வீட்டுப் பெண்கள் என்று நல்ல உடுப்பில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி படத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

“இது நீயா? அப்டியே கீறியே,” என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பெருமையில் வந்த வெட்கம் என்று நான் எண்ணிக்கொண்டேன். பரிசு கொடுப்பதற்கு முன்பே, இறால் ஏவாரி வந்துவிடுவார் என்று சொல்லி அவள் கிளம்பிப் போய்விட்டாள். அதற்காக இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன்.

மூன்றாம் நாள் அவள் கடைத்தெருவிலிருந்து ஒரு வாட்டர் கலர் டப்பா வாங்கி வந்தாள். நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கோடு ஒழுங்காக வராதவர்கள்தான் கலரை வைத்து மறைப்பார்கள் என்பது அந்த வயதில் என் கட்சி. இரண்டாம் வகுப்பில் ஒரு கிளிக்குப் பச்சை அடித்து, கிளி எது கிளை எது என்று தெரியாமல் போனதை யாரிடமும் சொல்லவில்லை.

“தண்ணிக்குள்ள வேணாம்,” என்றாள் அம்மா. “கரையில நிக்கிற மாரி ஒண்ணு போட்டுக் குடு. அந்தப் பொடவைல.”

“பேனாவுலயே போடுறனே. நல்லா வரும்.”

“அதுல பொடவ இன்னா கலருன்னு தெரியாதே.”

அவள் என்னிடம் எதுவும் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் பறியோடு வந்து கூப்பிட்டார்கள். வரவில்லை என்று அனுப்பிவிட்டாள். வீட்டில் கல்யாணமா என்று நைனா கிண்டல் செய்தார். அதையும் காதில் வாங்கவில்லை. மஞ்சள் புடவையைக் கட்டி, கரையில் பனைமரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். சிரிக்கட்டுமா என்று கேட்டாள். ஆடாமல் நில் என்றேன். உதட்டை அழுத்தி மூடிக்கொண்டாள்.

கோடு ஒரு மணி நேரத்தில் முடிந்தது. பிறகு மஞ்சளைத் தொட்டேன். தண்ணீர் அதிகம். மஞ்சள் பார்டரைத் தாண்டி ஓடியது. அதை நிறுத்த அரக்கை வைத்தேன்; இரண்டும் கலந்து சேற்று நிறமானது. பாவாடையால் ஒற்றினேன், தாள் உப்பி, சேறு இடுப்புக்கு ஏறி, மார்புக்கு ஏறியது. வெயிலும் ஏறிக்கொண்டிருந்தது. வருதா என்று அவள் நின்ற இடத்திலிருந்தே கேட்டாள். வருகிறது என்று பொய் சொன்னேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அன்று என்னைவிடக் கெட்டிக்காரி உலகத்தில் இல்லை என்று இருந்தது. தாளில் பரவியிருந்த நிறம் அசல் ஏரித் தண்ணீர் மாதிரியே இருந்தது. பேனாவை எடுத்தேன். சேற்று நிறத்தின் மேல் நாலு அலை போட்டேன். தோளில் நைனாவின் சட்டையைப் போட்டேன். மூடியிருந்த உதட்டைத் திறந்து, பல் வைத்து, கயிறு வைத்து, பறியைத் தொங்கவிட்டேன். ஐந்து நிமிட வேலை. பரிசு வாங்கிய படத்தைவிட இது நன்றாகவே வந்திருந்தது.

கூப்பிட்டதும் வந்தாள். கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, சுத்தமாக இருந்த கையை ஒருமுறை துடைத்துக்கொண்டு, குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். படத்திலிருந்த வாய்ப் பக்கம் விரலைக் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டாள்.

“கலரு கெட்டுப்போச்சு. ஆனா பாழாவாம தேத்திட்டேன் பாரு,” என்றேன். “உனக்கு இதாம்மா நல்லா வருது.”

“இதான் வருதா?”

“ஆமா.”

“நல்லாகீதுடி,” என்றாள்.

வீட்டுக்குள் போய்ப் புடவையை மாற்றினாள். மஞ்சளை நாலாக மடித்துப் பெட்டியில் வைக்கிற சத்தம் கேட்டது. பழைய புடவையும் சட்டையுமாக வெளியே வந்து, என்னைப் பார்க்காமல் ஏரிப் பக்கம் நடந்தாள். அப்போது உச்சிப் பொழுது. தண்ணீர் ஏறிவிட்டிருந்தது. காலையில் போனவர்கள் திரும்பி வந்து இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஏறிய தண்ணீரில் கையால் தடவ யாரும் போவதில்லை. அது எனக்கும் தெரியும், அன்று தோன்றவில்லை. என் கண்ணில் பட்டது சுவரில் ஆணியில் தொங்கிய பறிதான். மறந்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

கணுக்கால் தண்ணீரில், முதுகைக் காட்டிக்கொண்டு சும்மா நின்றிருந்தாள்.

“பறிய வுட்டுட்டு வந்துட்டியேம்மா.”

திரும்பினாள். கண் சிவந்திருந்தது, அவ்வளவு நேரம் வெயிலில் நின்றதால் என்று வைத்துக்கொண்டேன். என்னையும் பறியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி அதை வாங்கி, கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, மண்டியிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினாள். வீட்டுக்கும் ஏரிக்குமாக அவளுக்கு ஒரு நடை மிச்சம் பண்ணிக் கொடுத்த சந்தோஷத்தில் நான் ஓடியே வீட்டுக்கு வந்தேன்.