தப்புக்கடலை பொறுக்கிய பள்ளிக்கூடம்

ராசிபுரத்துக்கு வெளியே நான் ஏழாம் வகுப்பு படித்த தனியார் பள்ளியில் வாரம் ஒரு நாள் நெறிக்கல்வி வகுப்பு உண்டு. ஒவ்வொரு பருவத்துக்கும் உலகத்தில் உள்ள ஏதாவது ஒரு மதம். அந்தப் பருவத்துக்கு யூத மதம். எங்கள் வட்டாரத்தில் யூதர் ஒருவரைக்கூட யாரும் பார்த்ததில்லை. டீச்சரே பார்த்ததில்லை என்று முதல் நாளிலேயே சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டார். சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் இளம் பெண் அவர். நல்ல மனசு. அவரைத் திட்டி எழுத வேண்டும் என்று பல தடவை உட்கார்ந்திருக்கிறேன், அந்த நல்ல மனசுதான் குறுக்கே வந்து நிற்கும்.

அந்தப் பள்ளியில் நான் இலவச இடத்தில் படித்தேன். அரசாங்கச் சட்டப்படி ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் இடம். படிப்புக்குக் காசு கிடையாது, வேனுக்கு உண்டு. எங்கள் ஊர்ப்பக்கம் பள்ளி பஸ் வராது, அந்த நேரத்தில் ஊர் பஸ்ஸும் இல்லை, நடக்கிற தூரமும் இல்லை. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போன அப்பா அந்த வருஷம் பங்குனியில் பெட்டியில் திரும்பி வந்தார். அதன்பின் அம்மா காட்டு வேலைக்குப் போய்ச் சம்பாதித்தது சோற்றுக்குச் சரியாக இருந்தது. வேனுக்கு என்ன வழி என்று கேட்டால், "கடலக்கா பறிக்கட்டும் சாமி, பாத்துக்கலாம்" என்பாள்.

எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்போம். நிலக்கடலைச் செடியைப் பிடுங்கும்போது கொஞ்சம் காய் அறுந்து மண்ணுக்குள் தங்கிவிடும். அதுதான் தப்புக்கடலை. செடியை எல்லாம் வண்டியில் ஏற்றிய பிறகு காட்டுக்குச் சொந்தக்காரரான தோட்டக்காரர் அதை விட்டுவிடுவார். விட்டாகிவிட்டது என்று தெரிந்ததும் பெண்கள் களைக்கொத்தும் சாக்குமாக இறங்கிக் கிளறிப் பொறுக்குவார்கள். யாரும் யாரிடமும் கேட்பதில்லை, யாரும் கொடுப்பதும் இல்லை. பெண்கள் கரையேறிய பிறகு ஆடு இறங்கும். அம்மா பொறுக்கியதைக் காயவைத்து, எண்ணெய்க்குக் கொஞ்சம் நிறுத்திக்கொண்டு மிச்சத்தைச் செக்குக்காரரிடம் விலைக்குப் போடுவாள். அந்த வருஷம் எண்ணெயும் வேண்டாம், எல்லாமே வேனுக்கு என்று முடிவு செய்திருந்தாள்.

ஒரு நாள் வகுப்பில் டீச்சர் யூதர்களின் அறுவடைச் சட்டத்தைச் சொன்னார். வயலின் ஓரத்தை அறுக்காமல் விட வேண்டும். கீழே உதிர்ந்ததைத் திரும்ப எடுக்கக் கூடாது. அது ஏழைக்கும், அயலானுக்கும், தகப்பன் இல்லாத பிள்ளைக்கும், விதவைக்கும் உரியது. "இன்னும் ஒண்ணு கவனிங்க" என்றார். "அது நிலக்காரர் போடற பிச்சை இல்ல. அவருதா இருந்தாத்தானே அவர் தானம் பண்ண முடியும்? இவங்களுக்குக் கொடுப்பேன், அவங்களுக்குக் கொடுக்க மாட்டேன்னு சொல்லவும் அவருக்கு உரிமை கிடையாது."

எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. அந்தப் பட்டியலில் அயலான் ஒருவனைத் தவிர மற்ற எல்லோரும் எங்கள் வீட்டில் இருந்தோம். வகுப்பில் வாயே திறக்காத நான் எழுந்து நின்று, "எங்கூர்லயும் இதேதானுங்க டீச்சர்" என்று தப்புக்கடலைக் கதை முழுவதையும் சொன்னேன். டீச்சர் கைதட்டினார், பிள்ளைகளையும் தட்டச் சொன்னார். அன்று சாயங்காலம் வேனில் வரும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அடுத்த வாரம் டீச்சர் புதிய செய்தியோடு வந்தார். யூதப் பிள்ளைகள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பெரியவர்களைப்போல மதக் கடமைகளுக்குப் பொறுப்பாகிவிடுவார்களாம். அந்தச் சமயத்தில் படிப்போடு ஊருக்கு ஒரு சேவையும் செய்வது பல இடங்களில் வழக்கமாம். "நம்மளும் செய்யறோம். உங்க தோழி சொன்னாளே, அதேதான். ஒரு காட்டுல போய்த் தப்புக்கடலை பொறுக்கி முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கப் போறோம்." தலைமையாசிரியருக்கு மிகவும் பிடித்துப்போய், ஆறும் எட்டும்கூட வரட்டும் என்று சொல்லிவிட்டாராம்.

எங்கேயோ இருக்கும் ஒரு காடு என்றுதான் நினைத்தேன். வகுப்பில் அதைச் சொன்னதற்காக இன்றுவரை நான் வருந்தவும் இல்லை. பிள்ளை தெரிந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். கேட்ட பெரியவர்களுக்கு மூளை எங்கே போயிருந்தது என்பதுதான் என் கேள்வி.

குறித்த நாளில் பள்ளி பஸ்கள் மூன்றும் எங்கள் ஊர் நிறுத்தத்தில் திரும்பியபோதுதான் எந்தக் காடு என்று எனக்குத் தெரிந்தது. எங்கள் ஊரிலேயே பெரிய கடலைக்காடு வைத்திருந்தவரின் மகள் எட்டாம் வகுப்பில் இருந்தாள். பள்ளியிலிருந்து கேட்டதும், "காடு பூராவும் பள்ளிக்கூடத்துக்குத்தானுங்க" என்று அவர் மகிழ்ச்சியாகச் சொல்லியிருக்கிறார். முந்தின நாள்தான் செடி பிடுங்கி முடிந்திருந்தது. வேலியில் பேனர் கட்டியிருந்தார்கள், ஒரு டெம்போவில் பழச்சாறுப் பெட்டிகள் வந்து நின்றன.

வரப்பில் ஊர்ப் பெண்கள் சாக்கும் கொத்துமாக நின்றிருந்தார்கள். விடிவதற்கு முன்பே வந்தவர்களைத் தோட்டக்காரர் கரையேற்றியிருந்தார். "பள்ளிக்கூடத்துப் பசங்க முடிச்சிட்டுப் போவட்டும், அப்பறம் நீங்க எறங்குங்க" என்று அவர் சொல்வது எனக்குக் கேட்டது. அந்தக் கூட்டத்தில் அம்மாவும் இருந்தாள். என்னைப் பார்த்ததும் மறைந்துகொள்ளவெல்லாம் இல்லை. "வெயிலு சுள்ளுனு அடிக்குது, தொப்பியக் கழட்டீராத சாமி" என்று எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொன்னாள்.

அப்போதுதான் ஒரு குறை தெரிந்தது. பேனர் கொண்டுவந்தவர்கள் மண்ணைக் கிளற ஒன்றுமே கொண்டுவரவில்லை. டீச்சர் வரப்புக்குப் போய், "அம்மா, உங்க கொத்தைக் கொஞ்ச நேரம் குழந்தைங்களுக்குத் தர்றீங்களா? நல்ல காரியத்துக்குத்தான்" என்று கேட்டார். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர் கேட்டால் எங்கள் ஊரில் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அம்மா தன் கொத்தை என்னோடு படித்த ஒரு பெண்ணின் கையில் கொடுத்தாள். "மொன தீட்டியிருக்குது கண்ணு, கால்ல போட்டுக்காத" என்றாள்.

மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஒரு காட்டில் இறங்கினால் என்ன ஆகும்? கோழி கிளறிய குப்பைமேடுபோல ஆகிவிட்டது. கத்தினார்கள், ஓடினார்கள், யார் பை முதலில் நிறையும் என்று போட்டி வைத்தார்கள். நானும் பொறுக்கினேன். ஒவ்வொரு காயைப் பையில் போடும்போதும் வரப்பைப் பார்த்தேன். அம்மா கையைக் கட்டிக்கொண்டு, எங்கள் காய் வேறு பைக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அதை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

மத்தியானம் பஸ்கள் கிளம்பிய பிறகு பெண்கள் இறங்கியிருக்கிறார்கள். நான் வீடு திரும்பியபோது அம்மாவின் சாக்கு மூலையில் மடித்தபடி கிடந்தது. முந்தானையில் முடிந்துவந்ததை வறுத்துத் தந்தாள். அவ்வளவுதான் கிடைத்தது. மற்ற காடுகளை அதற்கு முன்பே பொறுக்கி முடித்திருந்தார்கள். அந்த வருஷத்துக்கு இந்தப் பெரிய காட்டைத்தான் அம்மா நம்பியிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து அம்மா என்னோடு வேனில் ஏறிப் பள்ளிக்கு வந்தாள். சண்டை போட இல்லை. இந்தப் பருவத்துக்கு வேன்காரரிடம் கொஞ்சம் தவணை சொல்ல முடியுமா என்று டீச்சரைக் கேட்க வந்தாள். ஏன் என்று டீச்சர் துருவிக் கேட்டதில் கடலை விஷயம் வெளியே வந்துவிட்டது. டீச்சர் முகம் வெளுத்துப்போனது. "ஐயோ, ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே உங்களுக்குக் கொடுத்திருப்போமே அம்மா" என்றார்.

"அது கேட்டு வாங்கற பொருளில்லீங்க டீச்சர்" என்றாள் அம்மா.

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. வேன் தன் கையில் இல்லை, கேட்டுப் பார்க்கிறேன் என்றார். முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டிய மூட்டைகளில் ஒன்றையாவது இவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் போய்ப் பேசினார். அவர் உடனே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதோடு நிறுத்தவில்லை. காலை வழிபாட்டில் மேடையில் வைத்துக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு ஒரு பாடமாக இருக்கும் என்றார். டீச்சர் ஏதோ மறுத்துச் சொன்னார், எடுபடவில்லை.

மறுநாள் அம்மா கல்யாணத்துக்கு உடுத்தும் சேலையில் வந்தாள். "நம் பள்ளி மாணவி ஒருவரின் ஏழைத்தாய்" என்று மைக்கில் சொன்னார்கள். பள்ளி முழுக்கத் திரும்பி என்னைத் தேடியது. யூதர்கள் தானமாகக் கொடுக்க முடியாது என்று சொன்ன பொருளை, தோட்டக்காரரும் தலைமையாசிரியரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து என் அம்மாவுக்குத் தானம் செய்தார்கள். படம் எடுப்பவர் நிறுத்தி, "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார். அம்மா சிரித்தாள். வேன் அந்த மூட்டைக்குள் இருக்கிறது என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டு, "வாரேனுங்க" என்று இறங்கினாள்.

வீட்டில் மூட்டையைக் கொட்டினோம். தரையெல்லாம் மண்கட்டியும் பொக்கும். பொக்கு என்றால் உள்ளே பருப்பு இல்லாத வெறுங்காய். பிள்ளைகள் பையை நிரப்பும் அவசரத்தில் கைக்கு வந்ததையெல்லாம் அள்ளியிருக்கிறார்கள். நல்ல காய் முறத்தின் ஒரு ஓரத்தில் அடங்கியது. செக்குக்காரர் அதைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "இத நான் என்ன பண்றதுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வேன்காரரும் டீச்சர் பேச்சுக்கு ஒரு வாரம்தான் தவணை கொடுத்தார்.

அந்த வாரத்தில்தான் நெறிக்கல்வித் தேர்வு வந்தது. வயலில் உதிர்ந்தது யாருக்கு உரியது என்று ஒரு கேள்வி. நான்கு பேரையும் வரிசையாக எழுதினேன். முழு மதிப்பெண் போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் வரைந்திருந்தார் டீச்சர். என் முகத்தைப் பார்க்காமல்தான் தாளைக் கொடுத்தார்.

வாரம் முடிந்து திங்கட்கிழமை காலை அம்மா பொக்கையெல்லாம் அடுப்பில் தள்ளிச் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். நன்றாக எரிந்தது. உள்ளூர் அரசுப் பள்ளியில் என்னைச் சேர்க்கப் பேசியாகிவிட்டது, பத்து மணிக்குப் போனால் போதும் என்று சொல்லியிருந்தாள். நிறுத்தத்தில் வேன் வந்து நின்று, பழக்கத்தில் ஒரு தடவை ஹாரன் அடித்தது.

"நம்மளக் கூப்புடறாங்கன்னு எந்திரிச்சராத சாமி" என்றாள் அம்மா, அடுப்பிலிருந்து திரும்பாமலே.

நான் அதற்குள் எழுந்து பையை மாட்டியிருந்தேன்.