ஒலிபெருக்கிக்காரருக்குச் சொல்ல வந்த நன்றி

ஒரு நிறுவனத்தில் யார் இளைத்தவர் என்று தெரிய வேண்டுமானால் கூட்டங்களில் நன்றியுரையை யார் தலையில் கட்டுகிறார்கள் என்று பார்த்தால் போதும். எங்கள் பல்கலைக்கழகத்தில் அது பல வருடங்களாக என் தலையில்தான் விழுந்தது. தலைமையுரைக்குத் துணைவேந்தர், வரவேற்புரைக்குப் பீடாதிபதி, நன்றியுரைக்கு நான். சபையில் பாதிப்பேர் எழுந்து, பற்றீசும் பிளேன்டீயும் வைத்திருக்கும் மேசையை நோக்கி நகரத் தொடங்கிய பிறகுதான் என் முறை வரும். ஆனால் ஒரு பெயரை விட்டுவிட்டால் மட்டும் அத்தனை பேருக்கும் காது கேட்கும். ஒருமுறை மாலை கட்டித் தந்தவரை மறந்துபோய், அவர் சந்தையில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வதை இரண்டு வருடம் பார்த்தேன்.

யுத்தம் முடிந்த அந்த வருடக் கடைசியில் நடந்த சுனாமி நினைவு மாலைக்கு மட்டும், நானாகவே போய் நன்றியுரையைக் கேட்டு வாங்கினேன். காய்ச்சலா என்று பீடாதிபதி என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறை. எனக்கு ஒரு காரணம் இருந்தது. அந்த மேடையில் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று ஐந்து வருடமாக மனதில் வைத்திருந்தேன்.

அவர் எங்கள் ஒலிபெருக்கிக்காரர், ஏறாவூர் ஆள். எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்; அவரையும் அப்படித்தான். கோயில் திருவிழா, பள்ளிவாசல் கந்தூரி, தேர்தல், கலியாணம், எல்லாவற்றுக்கும் அவருடைய ஒலிபெருக்கிதான். யுத்த காலத்தில் இயக்கப் பொடியன்களும் அதை எடுத்துப் பேசினார்கள், ஆமிக்காரரும் எடுத்துப் பேசினார்கள். கேட்க வந்தவர்களிடம் இல்லையென்று சொல்ல அவரால் முடியாது. பேச வருகிறவருக்குத் தமிழ் வராவிட்டால் எழுதிக் கொடுத்ததை அவரே வாசிப்பார். கூட்டம் எத்தனை மணித்தியாலம் நடந்தாலும் அவர் உட்கார்ந்து நான் கண்டதில்லை. பெட்டிக்குப் பக்கத்தில், விசைக்கு மேலே ஒரு விரலை வைத்தபடி நிற்பார்.

என் அக்காவின் வீடு கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் கிடக்கும் ஒடுங்கிய மணல் துண்டில் இருந்தது. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அத்தான் வெளிநாட்டில் வேலை. வீட்டில் அக்கா, இரண்டு பிள்ளைகள், மாமியார். சுனாமி வந்த அன்று காலை அவ்வூர்க் கடற்கரை மைதானத்தில் உதைபந்தாட்டப் போட்டி. ஒலிபெருக்கிக்காரர் தன் பெட்டிகளைப் பக்கத்திலிருந்த சங்கக் கட்டடத்தின் மாடியில் வைத்திருந்தார். உயரத்தில் நின்றதால் பெரிய அலை எழும்பி வருவதை அவர்தான் முதலில் கண்டார். “கடல் வருது, ஆத்துப்பக்கம் ஓடுங்க” என்று மின்சாரம் அறும்வரை கத்தினார். அக்கா ஒரு பிள்ளையை இடுப்பிலும் மற்றதைக் கையிலும் பிடித்துக்கொண்டு ஓடித் தப்பினாள். மாமியார் தப்பவில்லை.

இதை எனக்குச் சொன்னது ஊரார். அக்கா சொன்னதே இல்லை. நான் இந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். மாமியாரை நினைத்து வருந்துகிறாள் என்றுதான் நான் எண்ணியிருந்தேன்.

அன்று பின்னேரம் மண்டபத்தில் அவர் வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

“காக்கா, இண்டைக்கு நன்றியுரையில உங்களப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லப்போறன்.”

“வேணாம் மிஸ்.”

“ஏன் வேணாம்? எங்கட அக்காட உசிரக் காப்பாத்தினது நீங்கதானே காக்கா.”

“என்ட வேலை மைக்கப் போட்டுக் குடுக்கிறது. அதுக்குள்ள என்னப் போடாதீங்க. அந்தக் கதைய விடுங்க மிஸ்.”

எங்கள் ஊர்களில் முதல் ‘வேணாம்’ வெறும் மரியாதை. வீட்டுக்கு வந்தவர் தேத்தண்ணி வேணாம் என்றால் கேத்தலை அடுப்பில் வைப்போம். இரண்டாம் தடவை வேணாம் என்றால் சீனி போடுவோம். மூன்றாவதையும் யாரும் நம்புவதில்லை. நானும் அவர் சொன்னதை அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். என்ன அடக்கமான மனிதர் என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டே, எழுதி வைத்திருந்த இரண்டு வரியை ஐந்து வரியாக்கினேன்.

கூட்டம் நாலரைக்குத் தொடங்கியது. அதற்கு முந்திய வருடங்களில் நாலரைக்கெல்லாம் கூட்டம் முடிந்து, சனம் சோதனைச் சாவடியைத் தாண்டிவிட வேண்டும் என்று பறந்துகொண்டிருக்கும். அன்றுதான் முதல்தடவை இருட்டுப் பட்ட பிறகும் ஆட்கள் பதறாமல் இருந்தார்கள். சில கிழவர்கள் மட்டும் பழக்கதோஷத்தில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டார்கள். கொழும்பிலிருந்து வந்த பேராசிரியர் கடலடித் தட்டுகள் எப்படி நகருகின்றன என்று விளக்கினார். விவசாயப் பகுதி விரிவுரையாளர் உப்பேறிய வயலைப் பற்றிச் சொன்னபோது, உன்னிச்சையிலிருந்து வந்திருந்த இரண்டு வேளாண்மைக்காரர் மட்டும் எழுந்து கேள்வி கேட்டார்கள். உளவியல்காரர் துயரத்தை வாய்விட்டுப் பேச வேண்டும் என்றார். சபை தலையாட்டியது. கடல் கொண்டுபோனவர்களைப் பற்றித்தான் வாய்விடலாம். மற்றப்படி, யுத்தத்தில் போனவர்களைப் பற்றி அந்த வருடம் யாரும் மேடையில் பேசத் துணியவில்லை. முன்வரிசையில் ஒரு தாய் சீலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழுதார். அவருடைய மகன் சுனாமியில் போனவன் அல்ல என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

கடைசியில் என் முறை வந்தது. மழை பிடித்துக்கொண்டு, தகரக் கூரையில் கொட்டியது. வழக்கமான நன்றிகளை வேகமாக முடித்தேன். பிறகு காகிதத்தை மடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

“இன்று இங்கே பலர் சுனாமியைப் பற்றிப் பேசினார்கள். ஆனால் அந்தக் காலையில், தன் குரலால் ஓர் ஊரையே காப்பாற்றிய ஒருவர் இந்த மண்டபத்தின் மூலையில் நிற்கிறார். எங்கள் ஒலிபெருக்கிக்கார அண்ணன்...”

ஒலி நின்றுவிட்டது. கரண்ட் போய்விட்டது என்று மேலே பார்த்தேன். மின்குமிழ்கள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. மூலையைப் பார்த்தேன். அவர் விரல் விசையில் இருந்தது. என்னை நேராகப் பார்த்தார். கோபமில்லை, கெஞ்சுகிற பார்வை. நான் வெறும் வாயால் “நன்றி வணக்கம்” என்றேன். மழையில் அது எனக்கே கேட்கவில்லை.

“உங்கட நன்றியுரை எண்டா மைக்குக்கும் அலுப்புத்தான்” என்று பீடாதிபதி பற்றீசைக் கடித்தபடி சிரித்தார். அவமானத்தில் முதலில் வந்தது கோபம்தான், அதை மறைக்க மாட்டேன். சனம் தேநீர் மேசையைச் சுற்றி நின்ற நேரம் பார்த்து விறுவிறுவென்று மூலைக்குப் போனேன். அவர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“நல்லதத்தானே காக்கா சொல்ல வந்தன்?”

“தெரியும் மிஸ். எல்லாரும் சொல்றதத்தான் நீங்களும் சொல்ல வந்தீங்க. அண்டைக்குக் கடல் வருது எண்டு கத்த முன்னுக்கு நான் வேறொண்டு சொன்னன். அத ஒருத்தரும் சொல்றதில்ல.”

வயரைச் சுற்றும் கை நிற்கவில்லை.

“முதல்ல கொஞ்சத் தண்ணிதான் வந்திச்சு. மைதானத்தில கணுக்கால் மட்டும். சனம் கத்திக்கிட்டு ஓட வெளிக்கிட்டிச்சு. போட்டி நடத்தின ஆக்கள் மேல வந்து, காக்கா, சனம் நெரிபட்டுச் சாகப்போகுது, ஒண்டுமில்ல எண்டு சொல்லுங்க எண்டாங்க. நானும் சொன்னன். தண்ணி வத்துது, பயப்பட வேணாம், எல்லாரும் திரும்பி வாங்க எண்டு மூணு தரம் சொன்னன். சனம் திரும்பி வந்திச்சு மிஸ். பிறகுதான் நான் கடலப் பாத்தன்.”

சுற்றி முடித்த வயரைப் பெட்டிக்கு மேலே வைத்தார்.

“ரெண்டாவதாச் சொன்னதக் கேட்டு ஓடினவங்க இருக்காங்க, கதைக்கிறாங்க. முதல் சொன்னதக் கேட்டுத் திரும்பி வந்தவங்க மவுத்தாப் போயிட்டாங்க. அவங்க எங்க வந்து கதைக்கிற? நீங்க மைக்கில என்னப் புகழ்ந்தா அவங்களுக்கு நான் என்ன சொல்ற?”

“ஒரு தேத்தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்க காக்கா.”

“வேணாம் மிஸ்.”

இந்த வேணாமை நான் நம்பினேன். ஒருமுறை நம்பாமல் போய்ப் பட்டது போதும் என்றிருந்தது. அவர் பெட்டிகளைத் தறப்பாளால் மூடி, லேண்ட்மாஸ்டர் வண்டியில் ஏற்றிக்கொண்டு மழையில் போனார்.

சுனாமிக்குப் பிறகு அக்காவும் பிள்ளைகளும் என்னோடுதான் இருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் ஈரச்சீலையோடு குசினி வாசலில் நின்று நடந்ததைச் சொன்னேன். அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“முதல் சொன்னது உனக்கும் கேட்டதா அக்கா?”

“ஓம். அதக் கேட்டுத்தான் மாமி திரும்பி வளவுக்குள்ள போனா. நானும்தான் போனன். அடுப்பில புட்டு இருந்திச்சு.”

“ஏன் இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லல்ல?”

“சொன்னா நீ அந்த மனிசனத் திட்டிக்கொண்டு திரிஞ்சிருப்பாய். உன்ட வாய் எனக்குத் தெரியாதா? நானும் ஒரு வருசம் மனசுக்குள்ள திட்டினவள்தான்.”

“பிறகு?”

அவள் துருவலை நிறுத்தினாள். “சின்ன வயசில இருந்து அந்தக் குரலைத்தானே கேட்டம். திருவிழாவெண்டாலும் நிவாரணம் குடுக்கிறதெண்டாலும் அவர்தான் சொல்லுவார். அவர் ஒண்டுமில்ல எண்டா ஒண்டுமில்ல. வேற ஆரும் ஓடு எண்டு கத்தியிருந்தா, முதல் ஏமாந்த ஆத்திரத்தில நான் அசைஞ்சிருக்க மாட்டன். மாமி மூட்டை கட்டப் போய்ப் பிந்திட்டா. நான் அந்தக் குரலுக்கு ஓடினன்.”

ஐந்து வருடமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு, இவள் குசினிக்குள் எதற்காகப் போகிறாள் என்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அறிவைப் பற்றி மேடையில் பேசுகிறவர்களுக்கு நன்றி சொல்வதுதான் என் வேலை.

“அந்த மனிசனுக்குத் தேத்தண்ணி குடுத்தியா?” என்றாள் அக்கா.

“வேணாமெண்டார்.”

“அத நம்பிட்டு வந்திட்டியா?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறி ஏறாவூருக்குப் போனோம். அவருடைய மனைவி எங்களைக் கண்டதும் தேத்தண்ணி போடட்டுமா என்றார். நாங்கள் வேணாம் என்றோம். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் உள்ளே போய்க் கோப்பைகளோடு வந்தார். ஒலிபெருக்கிக்காரர் தன் வீட்டிலும் நின்றுகொண்டுதான் இருந்தார், வாசல் நிலையில் ஒரு கையை வைத்தபடி. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் “பரவால்ல மிஸ்” என்றார்.

அக்கா ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“நான் ரெண்டையும் கேட்டன் காக்கா.”

அவர் அவளைப் பார்த்தார். “முதல் சொன்னதையுமா?”

“ஓம். அதக் கேட்டுத் திரும்பி வீட்டுக்குள்ள போனவள் நான்.”

“வீட்டில அப்ப எத்தின பேர்?” என்றார்.

“நாலு பேர். மூணு பேர் ஓடினம்.”

அவர் நிலையில் இருந்த கையை எடுத்தார். சுவரோரம் கிடந்த கதிரையை இழுத்து, அக்காவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

“மற்ற ஆள் ஆரு தங்கச்சி?” என்று கேட்டார். அக்கா மாமியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.