நான்காம் கட்டிலின் நல்ல கால்

எகிப்தின் தாந்தா நகரில், சையித் பதவி என்ற மகானின் பள்ளிவாசலுக்குப் பின்னால் கடலை வறுத்து விற்கும் பய்யூமிக்குப் படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. ஆனால் முழங்காலுக்குக் கீழே மனித உடம்பில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டால், எலும்பு, தசை, நரம்பு என்று ஒன்று விடாமல் ஒப்பிப்பார். முழங்காலுக்கு மேலே அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. "அது வேற கட்டில்காரங்க சமாசாரம்" என்று கையை விரித்துவிடுவார்.

இந்த ஞானம் அவருக்கு வந்தது ஒரு ஊஞ்சலால். பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால், அந்த மகானின் பிறந்தநாளுக்கு நடக்கும் மவ்லித் திருவிழாவில், மனைவி ஸக்கியா பார்க்க வேண்டும் என்பதற்காகவே படகு ஊஞ்சலில் நின்றுகொண்டு ஆடினார். ஸக்கியா பார்க்கவில்லை, பக்கத்துக் கடையில் வளையல் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் கீழே விழுந்தார், திரும்பி வந்த ஊஞ்சல் வலது முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கமாக ஒரு போடு போட்டது. எலும்பு கூடிவிட்டது, நரம்பு கூடவில்லை. அன்றிலிருந்து வலது பாதம் முன்பக்கம் தூக்காமல் தொங்கிப் போயிற்று. நடக்கும்போது முழங்காலை உயரத் தூக்கி வைப்பார். பின்னாலிருந்து பார்த்தால் யார் கண்ணுக்கும் தெரியாத மாடிப்படி ஒன்றில் ஏறுகிறவர் மாதிரி இருக்கும்.

மருத்துவக் கல்லூரிக்கு அந்தக் கால் ஒரு பொக்கிஷமாகக் கிடைத்தது. எங்கள் ஊரில் மருத்துவ மாணவர்களுக்குக் கடைசிப் பரீட்சை காகிதத்தில் மட்டும் நடக்காது. நிஜ நோயாளிகளைக் கட்டிலில் படுக்க வைப்பார்கள். மாணவன் தொட்டுப் பார்த்து, தட்டிப் பார்த்து, இன்ன நரம்பு இன்ன இடத்தில் அடிபட்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும். அப்படி வருடா வருடம் பய்யூமி வந்து நான்காம் கட்டிலில் படுப்பார். இத்தனை வருடம் இத்தனை பேராசிரியர்கள் தன் காலைக் காட்டிப் பாடம் நடத்தினால் யாருக்குத்தான் படிப்பு வராது? பல மாணவர்களுக்கு முன்னால் அவருக்கே பாடம் மனப்பாடமாகிவிட்டது.

பிறகு வீட்டில் நிம்மதியாக ஒரு கோழிக்கால் தின்ன முடியாது.

"இதோ பாரு ஸக்கியா, தொடைக்குக் கீழ பக்கத்துல ஊசி மாதிரி ஒரு எலும்பு ஒட்டிட்டிருக்கே, இதுதான் ஃபிபுலா. நமக்கும் இருக்கு. அதோட கழுத்தைச் சுத்தித்தான் என் நரம்பு போவுது."

"கோழி கழுத்தை நான் திருகியாச்சு. நீ வேற புதுசா ஒரு கழுத்தைக் கண்டுபிடிக்காதய்யா. சோறு ஆறுது."

பரீட்சையில் மாணவன் திணறினால் பய்யூமியால் சும்மா இருக்க முடியாது. மனசு கேட்காது. இருமுகிற சாக்கில் "பெரோனியல்" என்று நரம்பின் பெயரைச் சொல்வார். கொட்டாவி விடுகிற சாக்கில் "ஃபிபுலா கழுத்து" என்பார். ஒருமுறை தும்மிக்கொண்டே முழு வாக்கியம் சொல்லியிருக்கிறார். பேராசிரியர்கள் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். பாஸான பிள்ளைகள் தெருவில் பார்த்தால் "டாக்டர் பய்யூமி!" என்று கூப்பிட்டுக் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். கடலை வறுக்கிறவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? உண்மையைச் சொன்னால், அந்த மூன்று நாள் பரீட்சைக்காகத்தான் அவர் மீதி வருடத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் கெய்ரோவிலிருந்து டாக்டர் நிஸார் வந்து சேர்ந்தார். வயது நாற்பதுக்குள், சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. பரீட்சைக்கு முதல் நாள் பய்யூமியைக் கூப்பிட்டு எதிரே நிற்க வைத்தார்.

"உங்களைப் பத்தி நிறைய கேள்விப்பட்டேன் மாமா. நாளைக்கு உங்க வாயிலேர்ந்து ஒரு சொல், ஒரு இருமல், ஒரு கண் ஜாடை வந்தாலும் லிஸ்ட்லேர்ந்து உங்க பேரை அடிச்சிடுவேன். அப்புறம் இந்த ஆஸ்பத்திரியில ஒரு பரீட்சைக்கும் நீங்க கட்டில்ல படுக்க முடியாது. புரியுதா?"

பய்யூமி தலையாட்டினார். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் ஸக்கியா இரண்டு கையையும் வானத்தை நோக்கி ஏந்தினாள்.

"ஒரு காலைப்பொழுது முழுக்க நீ பேசாம இருக்கப் போறியா? இருபத்தேழு வருஷமா நான் கேட்டுட்டிருக்கேன், எனக்குக் கிடைக்கல. யாரோ கெய்ரோக்காரனுக்குக் குடுத்திருக்கான் அல்லாஹ்."

"விளையாடாதடீ. பேரை அடிச்சிட்டா அப்புறம் நான் யாரு?"

"கடலைக்காரன். அதுக்கு முன்னாடி என்னவா இருந்தே?"

அன்று ராத்திரியே பேசாமல் இருந்து பழகிப் பார்த்தார். ஸக்கியா பயந்துபோய் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்த்தாள்.

மறுநாள் வார்டுக்குள் போனதும் ஒரு மாற்றத்தைக் கண்டார். நோயாளிகளின் முகம் தனக்குத் தெரிய வேண்டும் என்று டாக்டர் நிஸார் எல்லாக் கட்டில்களையும் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போடச் சொல்லியிருந்தார். வார்டு ஊழியர் ஷஹாதா வியர்க்க விறுவிறுக்க அதை முடித்திருந்தார். பய்யூமி தன் கட்டிலில் படுத்தார். நீண்ட அங்கி கணுக்கால் வரை மூடியிருந்தது. இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன, பார்ப்பதற்கு ஒன்று போலவே.

முதலில் வந்தவன் மஹ்ரூஸ் என்ற பையன். சலாம் இல்லை, பெயர் கேட்கவில்லை, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நேராக இடது பாதத்தைப் பிடித்தான், அதாவது நல்ல பாதத்தை.

"தூக்குங்க."

பய்யூமிக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்ன நடக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. மாணவர்களிடையே ஒரு நோட்டு கைமாறிக் கைமாறி வரும். போன வருடத்துக்காரன் இந்த வருடத்துக்காரனுக்குக் கொடுப்பான். அதில் இப்படி இருக்கும்: 'நான்காம் கட்டில், பய்யூமி. ஜன்னல் பக்கத்துக் கால். பெரோனியல் நரம்பு.' யாரோ ஒரு சோம்பேறி குமாஸ்தா ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் எழுதி வைத்ததை அப்படியே பார்த்து எழுதிய வரி அது. இத்தனை வருடம் வலது கால்தான் ஜன்னல் பக்கம் இருந்தது. இன்று கட்டில் திரும்பிவிட்டது. நோட்டு திரும்பவில்லை.

சொல்லிவிட நாக்கு துடித்தது. டாக்டர் நிஸார் நாற்காலியிலிருந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி, பாதத்தைத் தூக்கிக் காட்டிவிடலாம் என்று நினைத்து மஹ்ரூஸின் முகத்தைப் பார்த்தார். பையனுக்கு மூக்கு நுனியில் வியர்வை தொங்கியது. உதடு எதையோ ஓதிக்கொண்டிருந்தது. இவனுடைய அம்மா இந்நேரம் தொழுகை விரிப்பில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாள் என்று பய்யூமிக்குத் தோன்றியது. அவ்வளவுதான். தன் உடம்பிலேயே ஒழுங்காக இருந்த ஒரே பாதத்தைச் செத்த மீனைப் போலத் தொங்கப் போட்டார்.

"பாதம் தூக்க முடியல சார். பெரோனியல் நரம்பு, ஃபிபுலா கழுத்துல."

டாக்டர் பதிவேட்டைப் பார்த்தார். ஜன்னல் பக்கத்துக் கால் என்று அதிலும் இருந்தது. பேனா நகர்ந்தது.

ஒருவனுக்குச் செய்துவிட்டால் அடுத்தவனுக்குச் செய்யாமல் இருக்க முடியுமா? இரண்டாவது ஆள் வந்தான், மூன்றாவது ஆள் வந்தான். எல்லோரும் அதே நோட்டு, அதே கால். நான்காவதாக வந்த பெண் சுத்தியலால் முழங்காலைத் தட்டினாள். நல்ல கால் ஜம்மென்று எழும்பி உதைத்தது. பய்யூமிக்கு உயிரே போயிற்று. "முழங்கால் அனிச்சை நல்லா இருக்கு சார், இந்த நரம்பு போனாலும் அது போகாது" என்றாள் அந்தப் பெண். பாடப்படி அது முற்றிலும் சரி. அல்ஹம்துலில்லாஹ், நரம்பு வேறு இடத்தில் அடிபட்டிருந்தால் மாட்டியிருப்போம் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஐந்தாவது ஆள் அந்த நல்ல பாதத்தை ஊசியால் குத்தி "உணர்ச்சி இல்லை" என்று அறிவித்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். ஏழு பேர் முடிவதற்குள் இடது பாதமே தனக்கு ஏதோ வந்துவிட்டதோ என்று சந்தேகப்படத் தொடங்கியிருந்தது.

எட்டாவதாக ஹதீல் வந்தாள். போன வருடம் வேறொரு கட்டிலில் தோற்றுப்போய், இந்த வருடம் இரண்டாம் முறையாக எழுதுகிறவள். போன வருடத் தோழிகள் டாக்டராகிவிட்டார்கள், இந்த வருடத்துப் பிள்ளைகள் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நோட்டு அவள் கைக்கு வரவே இல்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமா. நான் ஹதீல். உங்க பேரு என்ன? எந்தக் காலு மாமா தொந்தரவு?"

பய்யூமி வாயைத் திறக்கப் போனார். ஒரு சொல் போதும். டாக்டர் நிஸார் தொண்டையைக் கனைத்தார்.

"நோயாளி பேச மாட்டார். நீங்களே கண்டுபிடிங்க."

"சரி சார். மாமா, ரெண்டு பாதத்தையும் சேர்த்துத் தூக்குங்க."

அப்போதுதான் தான் தோண்டிய குழி எவ்வளவு ஆழம் என்று அவருக்குத் தெரிந்தது. இரண்டையும் தொங்கப் போட்டால், ஒழுங்காகப் பார்த்த ஒரே பெண் 'இரண்டு காலும்' என்று சொல்லித் தோற்பாள். நல்ல காலைத் தூக்கினால் ஏழு பேர் மாட்டுவார்கள். அவர்களோடு தானும் மாட்டி, பேரும் போய், நாளை முதல் வெறும் கடலைக்காரன். ஸக்கியா சொன்னது காதில் கேட்டது. நெற்றி வேர்த்தது. ஹதீல் அவசரப்படுத்தவில்லை. குனிந்து மெல்லிய குரலில், "வலிச்சா வேணாம் மாமா, மெதுவா" என்றாள்.

இத்தனை வருடத்தில் அந்தக் கட்டிலில் அவருக்கு வலிக்குமா என்று யாரும் நினைத்ததில்லை. போனால் போகட்டும் பேரு என்று முடிவு செய்தார். இடது பாதத்தை எவ்வளவு உயரம் தூக்க முடியுமோ அவ்வளவு தூக்கினார். அதோடு நிற்கவில்லை. காலையிலிருந்து அடைபட்டுக் கிடந்த ஐந்து விரல்களையும் ஆட்டிக் காட்டினார்.

டாக்டர் நிஸாரின் பேனா கீழே விழுந்தது.

"சார், ஜன்னல் பக்கக் கால் நல்லா இருக்கு. கதவுப் பக்கக் கால்தான் தூக்க மாட்டேங்குது" என்றாள் ஹதீல்.

"அது எப்படி?" டாக்டர் எழுந்து வந்தார். நம்பாமல், இடது உள்ளங்காலில் சாவியால் ஒரு கோடு இழுத்தார். பாதம் சுருண்டது. பய்யூமிக்கு அங்கே கூச்சம் அதிகம். கிளுகிளுவென்று சிரித்துவிட்டார், கட்டில் கிரீச்சிட்டது. ஷஹாதா கதவோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டார்.

டாக்டர் ஹதீலை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். காது மடல் சிவந்திருந்தது.

"ஏன் இப்படிப் பண்ணீங்க? பேசுங்க, பரவாயில்ல."

"பிள்ளைங்க பயந்து நடுங்குறாங்க டாக்டர். மனசு கேக்கல."

"அப்ப இந்தப் பொண்ணுக்கு மட்டும் ஏன் தூக்கினீங்க?"

"அது எந்தக் காலுன்னு என்கிட்ட கேட்டுச்சு. மத்த யாரும் கேக்கல." கொஞ்சம் தயங்கி, சொல்லாமல் இருக்க முடியாமல் சொன்னார்: "நீங்களும் கேக்கல."

டாக்டர் பதிவேட்டை ஒருமுறை பார்த்தார். மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். ஏழு பேருக்குச் சரி போட்டது அவர் கைதானே, யாரைத் திட்டுவது?

"சரி. இப்பக் கேக்குறேன். எந்தக் காலு மாமா?"

இதற்காகத்தான் காத்திருந்தது போல பய்யூமி அவிழ்த்துவிட்டார். ஊஞ்சலில் தொடங்கி, ஃபிபுலாவின் கழுத்தைச் சுற்றி, நரம்பு இரண்டாகப் பிரியும் இடம் வரை, தசை தசையாக, மூச்சு விடாமல். நடுவில் ஒரு தசையின் பெயரை டாக்டர் எடுத்துக் கொடுக்கப் போனார். "இருங்க, எனக்கே தெரியும்" என்று பய்யூமி தடுத்துவிட்டார்.

எல்லாம் கேட்டு முடித்து, டாக்டர் வலது பாதத்தைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். "தூக்குங்க பார்ப்போம்."

இந்தச் சொல்லை ஆயிரம் முறை கேட்டிருக்கிறார். ஆனால் பரீட்சைக்குத் தூக்காமல் காட்டிக் காட்டி, உண்மையிலேயே தூக்கிப் பார்த்து எத்தனையோ வருடமாகிவிட்டது. இன்று நிஜமாகவே முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. பாதம் அசையவில்லை. அவருக்கு அது தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் வருத்தமாக இருந்தது.

"போதும் மாமா" என்றார் டாக்டர். பாதத்தை மெத்தையில் பதமாக வைத்தார். எழுந்தவர் உடனே போகவில்லை.

"நாளைக்கும் வாங்க. இனிமே நீங்க பேசலாம். கேட்டா மட்டும்."

"கேட்டா மட்டும்தான் டாக்டர்."

"மத்தியானம் அந்த ஏழு பேரையும் திரும்பக் கூப்பிட்டு, முதல்லேர்ந்து பரீட்சை வைக்கப் போறேன். எல்லாரும் வயித்தைப் பிடிச்சுட்டு வருவாங்க. அவங்களுக்கு நீங்க ஒரு குறிப்பு குடுக்கலாம், ஒண்ணே ஒண்ணு. என்ன சொல்லட்டும்?"

பெரோனியல் என்று சொல்லலாம். ஃபிபுலா கழுத்து என்று சொல்லலாம். வலது கால் என்றுகூடச் சொல்லிவிடலாம். பய்யூமி அங்கியைச் சரி செய்துகொண்டு, நன்றாக யோசித்தார்.

"வந்ததும் எனக்கு ஒரு சலாம் சொல்லச் சொல்லுங்க டாக்டர். மீதியை நான் பார்த்துக்கறேன்."