எல்லாருக்கும் ஒரே 'சொன்னார்'

ஜுவைரியாவுக்குக் கோபம் வந்தால் முதலில் பாத்திரங்களுக்குத்தான் தெரியும். இன்று காலை பொன்னேரி வீட்டில் அவள் டிபன் பாக்ஸை மூடிய வேகத்தில் கொக்கி கழன்று கையோடு வந்துவிட்டது.

"யார் மேல இவ்ளோ காண்டு?" என்றார் கணவர் அஃப்தாப்.

"என் மேலதான். நீங்க போய்க் கடையத் தெறங்க."

அது பாதி உண்மை. மீதிக் கோபம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், அவள் வேலை செய்யும் கார் உதிரிபாகக் கம்பெனியில் உட்கார்ந்திருந்தது.

பழவேற்காட்டுக் கருவாட்டு வியாபாரியின் மகள் அவள். தமிழ் மீடியம். ஆபீஸ் உதவியாளராகச் சேர்ந்த புதிதில் அவள் எழுதிய இங்கிலீஷ் கடிதத்தை மேனேஜர் ராஜமாணிக்கம் எல்லாரையும் கூப்பிட்டுப் படித்துக்காட்டிச் சிரித்தார். அந்த ரோஷத்தில்தான் பொன்னேரியில் ஏஞ்சலின் மிஸ்ஸின் மாலை வகுப்புக்குப் போனாள். ஒருவர் சொன்னதை எழுதும்போது 'செட்' என்றே திரும்பத் திரும்பப் போட்டால் அது குழந்தை எழுத்து என்பது மிஸ்ஸின் சட்டம். அட்மிட்டட், கிளெய்ம்ட், கிளாரிஃபைட் என்று மிஸ் அள்ளிக் கொடுத்தார். புடவைக்குத் தோதாக வளையல் மாற்றுவதுபோல ஜுவைரியா அவற்றை மாற்றி மாற்றிப் போடப் பழகினாள். ராஜமாணிக்கத்தின் சிரிப்பு நின்றது. கம்பெனி நடத்தும் விசாரணைகளுக்கெல்லாம் குறிப்பு எழுதுவது அவள் வேலையானது. அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு.

போன மாதம் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் அன்புசெல்வனுக்கு வலக்கையில் இரண்டு விரல் போனது. கை உள்ளே நுழைந்தால் மெஷினை நிறுத்தவேண்டிய சென்சாரை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். அணைத்தது அவனேதான் என்றது கம்பெனி. அது நிலைத்தால் விரலோடு வேலையும் போகும்.

முதல் விசாரணையில் அன்புசெல்வன், "நான் ஷிப்ட்டுக்கு வர்றசொல்லவே சென்சாரு ஆஃப்லதான் இருந்துச்சு. சூப்பர்வைசர் ஓட்டுன்னாரு, ஓட்னேன்" என்றான். சூப்பர்வைசர் யேசுதாஸ், "நான் அப்டிச் சொல்லல" என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஜுவைரியா அழகாக எழுதினாள்: சென்சார் அணைந்திருந்ததை அன்புசெல்வன் 'அட்மிட்டட்'. சூப்பர்வைசர் ஓட்டச் சொன்னதாக அவன் 'கிளெய்ம்ட்'. அப்படிச் சொல்லவில்லை என்று யேசுதாஸ் 'கிளாரிஃபைட்'. கடைசியில் தமிழில் படித்துக்காட்டியபோது மூன்றும் அவள் வாயில் 'சொன்னார்' என்றே வந்தன. அன்புசெல்வன் தலையாட்டி, இடக்கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டான்.

நேற்று மாலை ராஜமாணிக்கம் அவள் மேஜைக்கு வந்து, "சூப்பர் மேடம். உங்க இங்கிலீஷே பாதி வேலைய முடிச்சிடுச்சு" என்று, விசாரிக்கும் வக்கீல் தயாரித்த முடிவின் நகலை வைத்துவிட்டுப் போனார். தொழிலாளி தன் வாயாலேயே ஒப்புக்கொண்டார், சூப்பர்வைசர் உண்மையை விளக்கிவிட்டார் என்றிருந்தது அதில். ஒருத்தன் சோற்றில் தான் மண் அள்ளிப் போட்டிருப்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

இன்று கடைசி விசாரணை. வக்கீல் முடிவைப் படித்துத் தமிழில் சொன்னதும், அன்புசெல்வன் அவரைப் பார்க்கவில்லை. இவளைப் பார்த்தான்.

"இன்னாக்கா இது? நான் ஒத்துக்கினேன்னு எழுதி வெச்சிக்கிறீங்க? அன்னிக்குப் படிக்கசொல்ல அப்டி இல்லியே?"

ஜுவைரியா எழுந்தாள். "சார், அவர் ஒத்துக்கல. சொன்னாரு. ஒத்துக்கினார்னு போட்டது நானு. யேசுதாஸ் சாரும் எதையும் வெளக்கல. அவரும் சொன்னாரு, அவ்ளோதான்."

"மேடம், குறிப்பு எழுதறவங்க பேசக்கூடாது. எழுதணும்" என்றார் ராஜமாணிக்கம்.

"எழுதறேன் சார்."

தான் சொன்னதைத் தன் பெயரிலேயே கம்ப்யூட்டரில் தட்டினாள். சொன்னார் என்பதற்கு 'ஸ்டேட்டட்' என்று போட்டாள். பின்னால் வந்து குனிந்து திரையைப் பார்த்த ராஜமாணிக்கம், "இது வேணாம். உங்களுக்குக் 'கிளெய்ம்ட்' போடுங்க, நீங்களாச் சொல்லிக்கிறீங்கன்னு இருந்தா போதும்" என்றார்.

ஜுவைரியாவின் விரல்கள் நின்றன. காதுமடல் சுட்டது.

"அப்போ எதைப் போட்டா இன்னா ஆவும்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சிதான் நேத்து சூப்பர்னீங்க."

"வாய அடக்குங்க மேடம். வேலை பாக்க வந்தீங்களா, வக்காலத்து வாங்க வந்தீங்களா?"

"எழுதத்தான் வந்தேன். பதினாறு வருசமா அதத்தான் செஞ்சிக்கினு இருக்கேன்."

அந்தப் பக்கத்தை அழித்துவிட்டு, முதல் விசாரணையில் இருவரும் சொன்னதிலிருந்து மறுபடி எழுதினாள். அன்புசெல்வன் செட். யேசுதாஸ் செட். குறிப்பெழுதுபவர் செட். 'கிளெய்ம்ட்' என்று மாற்றும்படி மேனேஜர் செட். ஏஞ்சலின் மிஸ் பார்த்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். பிரின்ட் எடுத்து, ஒவ்வொரு வரியையும் இங்கிலீஷிலும் தமிழிலுமாகப் படித்தாள்.  

வக்கீல் தன் முடிவை மடித்துப் பைக்குள் வைத்தார். "இது பதிவானப்புறம் அந்த முடிவுல நான் கையெழுத்துப் போட முடியாது. யேசுதாஸ திரும்ப விசாரிக்கணும். அடுத்த வாரம் வெச்சிக்கலாம்."

அன்புசெல்வன் தாளை வாங்கி, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் பார்த்தான். "எல்லாத்துக்கும் ஒரே வார்த்தைதானாக்கா?"

"ஒரே வார்த்தைதான்."

இடக்கையால் கையெழுத்துப் போட்டான். தாள் ராஜமாணிக்கத்திடம் போனது. அவர் அதைத் திருப்பித் தள்ளினார்.

"நான் போட மாட்டேன்."

ஜுவைரியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையெழுத்துப் போட மாட்டேன் என்று மேனேஜர் சொன்னார் என்பதையும் கடைசி வரியாகத் தட்டினாள்.