திரும்பி வர ஒரு வரி

டீ கொடுக்கத்தான் போனேன். மகளின் லேப்டாப்பில் கண் பட்டது. 'என் ராஜினாமாவை ஏற்றுக்கொள்ளும்படி...' என்று ஒரு மெயில். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி!

போன வியாழன் மாலை நடந்தது.

கயல் வேலையில் சேர்ந்து நாலே மாதம். செஞ்சியில் எங்கள் வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை செய்கிறாள். அவள் எழுதிய புரோகிராம் மூன்று நாளாக ஓடவில்லை. அவளும் சரியாகச் சாப்பிடவில்லை.

"இன்னா பண்றதுன்னே தெரில நைனா. நான் கை வைக்காத வரியிலல்லாம் எரர் காட்டுது. நூத்துக்கணக்குல! இந்த வேலைக்கு நான் லாயக்கில்ல."

"கை வைக்காம எப்படி எரர் வரும்? நீதான் என்னமோ பண்ணியிருக்கே."

நான் பள்ளித் தலைமையாசிரியர். இந்த வசனம் எனக்கு மனப்பாடம். மூன்று நாளாக அவளிடமும் இதையேதான் சொல்லியிருக்கிறேன். அவள் முகம் சுருங்கிய பிறகுதான் உறைத்தது.

"அனுப்புறதுன்னா அனுப்பு கண்ணு. அதுக்கு முன்னாடி யாரையாவது ஒரு வார்த்தை கேளேன்" என்றேன். கெஞ்சினேன் என்பதே சரி.

சீனியர் மஞ்சுளாவுக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் குரல் வந்தது.

"நடுவுல அசெம்பிளி எழுதினியா?"

"எட்டே வரிதான்க்கா. காலேஜ்ல படிச்ச ஸ்டைல்ல."

"ஸ்டைல் மாத்துறேன்னு மேல ஒரு வரி போட்டிருப்பே. பழைய ஸ்டைலுக்கு வந்துட்டேன்னு கீழ போட்டியா?"

கயல் திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள்.

"ஐயோ... அக்கா!"

"மூணு நாள்தானே? நான் இதுக்கு ஒரு வாரம் அழுதேன்டி!"

பிறகு கயல் எனக்கு விளக்கினாள். சி மொழியில் எழுதும்போது, பிராசசருக்கு நேரடியாகச் சொல்லும் அசெம்பிளி வரிகளை நடுவே சேர்க்கலாமாம். அதில் இரண்டு ஸ்டைல். ஒன்றில் 'எங்கே வைக்க வேண்டும்' முதலில், 'எதை' என்பது அடுத்து. மற்றதில் தலைகீழ். இவள் ஒன்றுக்கு மாறிவிட்டு, திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு, சி-யை அசெம்பிளியாக மாற்றித் தரும் கம்பைலர் தன் வழக்கமான ஸ்டைலில் எழுதிய வரிகள் எல்லாம், அவற்றைப் படிக்கிற அசெம்பிளர் என்ற அடுத்த மென்பொருளுக்குத் தப்பாகத் தெரிந்திருக்கின்றன.

ஒரு பாவமும் அறியாத வரிகள்!

விட்டுப்போன வரியைச் சேர்த்தாள். ஓடியது. மெயிலை என் கண் முன்னாலேயே அழித்தாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

கண்டக்டர், நர்ஸ், போலீஸ்காரர்... வேலையில் எல்லோருக்கும் ஒரு பேச்சு இருக்கிறது. அங்கே அது தேவையும்கூட. வீட்டு வாசலில் அதை மாற்றிக்கொள்கிறோமா? மாற்றாமல் உள்ளே வந்தால், ஒழுங்காக இருக்கிற பிள்ளையும் தப்பாகத்தானே தெரியும்?

நேற்று பள்ளி முடிந்து வந்தேன். ரொம்பப் பாசமாகத்தான் ஆரம்பித்தேன். "சாப்ட்டியா? எத்தனை மணிக்கு? தட்டு ஏன் இன்னும் கழுவலை?"

கயல் தலை நிமிராமல் சொன்னாள்:

"நைனா... நீ இன்னும் ஸ்கூல்லருந்து வரல போல."