கைதிப் பெட்டியில் ஒரு கடைவாய்ப் பல்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பல் கிளினிக்கின் பின்னறையில், அவள் கணக்கு டீச்சருடைய பல் கேப்பை எடுத்துப் பிளாஸ்டர் அச்சின் மேல் வைத்து விரலால் அமுக்கினாள். ஆடியது.

இன்னொரு தடவை அமுக்கினாள். இந்தப் பக்கம் அமுக்கினால் அந்தப் பக்கம் தூக்கியது. ஆடாத கேப்பைச் செய்து, சனிக்கிழமை இந்த டப்பாவில் வைத்தவளே அவள்தான். வைத்தோமா? கேப்பைத் திருப்பிப் பார்த்தாள். டீச்சருக்கு முதலில் செய்து, ஆடியதால் கழித்த கேப் அது.

பல்லுக்கு மேல் மாட்டுகிற கேப் செய்வது அவளுக்குப் பதினெட்டு வருட வேலை. வெள்ளைக் கட்டியை மிஷின் கடைந்து கொடுக்கும். அதைச் சூளையில் எட்டு மணி நேரம் சுட்டு, தீட்டி, பளபளப்பேற்ற வேண்டும். ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற அந்த டீச்சருக்குச் செய்த முதல் கேப், வாயில் வைத்ததுமே ஆடிவிட்டது. டாக்டர் அப்போதே பின்னறைக்கு வந்து, டீச்சருக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேலையை வெளியில குடுத்துடுவேன்மா. இந்த ரூம்ல எக்ஸ்ரே மிஷினை வெச்சுக்கலாம்." இரண்டாவது கேப் கொஞ்சமும் பிசகாமல் வந்தது. இன்றைக்குப் பதினோரு மணிக்கு டீச்சர் வருகிறார்.

சனிக்கிழமை மேஜை மேல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. கழித்துப் போட்ட முதல் கேப்பைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கழித்ததைத்தான் போட்டோம் என்று நினைத்தாள், பாவி.

கழித்த கேப் அவளுக்கு எதற்கு என்றால், கூத்தே அங்கேதான் இருக்கிறது. நாத்தனாரும் அண்ணியும் அடித்துக்கொள்ளாத வீடு உண்டா? இவர்களும் அடித்துக்கொள்வார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும், சாப்பாட்டு மேஜை மேல், பொம்மைப் படைகளை நிறுத்தி, பகடை உருட்டி, இஞ்சு டேப்பால் அளந்து நகர்த்தி. மேஜை ஓர் அந்நிய கிரகம். தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கிற நாத்தனாருக்கு, ஹேர் கிளிப் கால்களும் பழைய ஜிப் முதுகும் வைத்த வேற்றுக்கிரகப் பூச்சிப்படை. இவளுக்கு ரோபோ படை. தீர்ந்துபோன பேனா உடம்பு, தேய்ந்துபோன பல் டிரில்லின் முனை துப்பாக்கி, தலைக்குக் கழித்த கேப். சும்மா சொல்லக்கூடாது, சாம்பல் பெயிண்ட் அடித்துக் கண்ணுக்குச் சிவப்புப் புள்ளி வைத்துவிட்டால் கடைவாய்ப் பல் அசல் இரும்புத் தலைதான். கடைப்பொம்மை ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பது அவர்கள் சட்டம். "பூமியைக் காப்பாத்தி முடிச்சாச்சுன்னா மேஜையைத் துடைங்க, சாப்பிடணும்" என்பார் அவள் புருஷன்.

இன்னொரு சட்டமும் உண்டு. தோற்ற சிப்பாய்கள் ஜெயித்தவர் வீட்டுச் செருப்பு டப்பாவில் அடுத்த வாரம் வரை கைதிகள். நேற்று அவள் படுதோல்வி. பதினான்கு ரோபோக்கள் கைதி. டீச்சருடைய நல்ல கேப் அதில் ஒன்றின் தலை.

அச்சைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, "அரை மணியில வந்துடறேன்" என்று வரவேற்பறைப் பெண்ணிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தாள். வழியெல்லாம் ஒரே கணக்குத்தான் ஓடியது. பாதித் தலைகளை வெறும் பசை வைத்து ஒட்டியிருந்தாள். அது சூளையில் எரிந்து போய்விடும், கேப்புக்கு ஒன்றும் ஆகாது. மீதிப் பாதிக்குக் கழுத்துக்கம்பி நிற்பதற்காக உட்புறத்தில் குழி தோண்டியிருந்தாள். சனிக்கிழமை கொண்டுபோனதைத் தோண்டினாளா, ஒட்டினாளா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. ஒட்டினதாக இருக்கட்டும், ஒட்டினதாக இருக்கட்டும் என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே வந்தது.

மதிய ஷிஃப்டுக்குத் தலை வாரிக்கொண்டிருந்த நாத்தனார் சீப்பும் கையுமாகக் கதவைத் திறந்தாள்.

"என்ன அண்ணி, கைதியை மீட்க இவ்ளோ அவசரமா?"

"விளையாடாதே. டப்பா எங்கே? அதுல ஒரு நிஜப் பல்லு இருக்கு. நேத்து கடைசியா வந்த புதுசு எது?"

நாத்தனார் முகம் மாறியது. "அய்யய்யோ. கைதிங்கன்னா ஒரே யூனிஃபார்மா இருக்கட்டும்னு, எல்லாத்துக்கும் கறுப்பு ஸ்பிரே அடிச்சுட்டேனே!"

டப்பாவைத் திறந்தால் பதினான்கும் கரிக்கட்டை. எது புதுசு, எது பழசு, கடவுளுக்கே வெளிச்சம். அவள் தரையில் உட்கார்ந்து, முதல் ரோபோவின் தலையைத் திருகி உடைத்தாள். பெயிண்டைச் சுரண்டி, அச்சிலிருந்த பல்லின் மேல் வைத்து அமுக்கினாள். ஆடியது. இரண்டாவது உட்காரவே இல்லை. பக்கத்தில் நாத்தனார் மற்ற எல்லாத் தலைகளையும் உடைத்துக் கொடுத்துக்கொண்டே வந்தாள். இரண்டு வருட உழைப்பு மடக் மடக்கென்று முறிந்தது. அதைப் பார்த்து வருத்தப்படக்கூட நேரமில்லை. மணி பத்தே கால்.

பதினோராவது தலை உட்கார்ந்தது. அமுக்கினாள், ஆடவில்லை. எல்லாப் பக்கமும் அமுக்கினாள், ஆடவே இல்லை. போன உயிர் திரும்பி வந்தது. கேப்பைத் திருப்பி உட்புறம் பார்த்தாள்.

குழி இருந்தது.

கடுகளவுதான். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் அந்த இடத்தில் வெளிச்சம் லேசாக ஊடுருவியது. பசையை எரித்து, கழுவி, பளபளப்பேற்றிவிட்டால் வெளியிலிருந்து ஒரு குறையும் தெரியாது. கேப்பை ஒட்டுகிற சிமெண்ட் குழியை மூடிக்கொள்ளும். டாக்டர் கண்ணுக்குத் தப்பிவிடும். ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து, எதையோ கடிக்கும்போது அந்த இடத்தில் விரிசல் விடும்.

"மாட்டிடலாமா அண்ணி?" என்றாள் நாத்தனார் மெதுவாக. "உங்க வேலை..."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாத்தனார் மேல் இல்லை, தன் மேல். "அந்தம்மா வாய்டீ அது. மேஜை இல்லே" என்றாள். அழுகையும் வந்தது. கேப்பைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஆட்டோவுக்கு ஓடினாள்.

டீச்சர் ஏற்கெனவே நாற்காலியில் சாய்ந்திருந்தார். டாக்டர் கை நீட்டினார். அவள் முடிச்சை அவிழ்த்துக் கேப்பை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"கேப் ரெடியில்ல, டாக்டர். நல்லாத்தான் வந்துச்சு. கழிச்சதுன்னு நினைச்சு வீட்டுக்குக் கொண்டுபோய் நான்தான் கெடுத்துட்டேன். உள்ளே குழி விழுந்துடுச்சு. மாட்டினா யாருக்கும் தெரியாது, ஆனா நாளைக்கு உடையும். இன்னிக்கே சூளையில புதுசு வைக்கிறேன்."

டாக்டர் முகம் சிவந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் எழுந்து உட்கார்ந்தார்.

"மூணு மாசமா ஒரு பக்கமாத்தான் மெல்றேன். இன்னும் ஒரு நாள் மெல்ல மாட்டேனா? நீங்க சொல்லாம மாட்டியிருந்தா என்னம்மா பண்ணியிருப்பேன்?"

அவள் நேரே பின்னறைக்குப் போனாள். புதுக் கட்டியை மிஷினில் கடைந்தெடுத்து, சூளையில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

செவ்வாய்க்கிழமை புதுக் கேப் டீச்சர் வாயில் அப்படியே போய் உட்கார்ந்தது. டாக்டர் எக்ஸ்ரே பேச்சை எடுக்கவில்லை. ஒரு சின்னச் சுத்தியலை மட்டும் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தார். கழித்த கேப்பை இனி அந்த இடத்திலேயே உடைக்க வேண்டும், ஒன்றுகூட வெளியே போகக்கூடாது. அவள் தலையாட்டினாள். அன்று மாலை கோட்டுப் பையை மூன்று தடவை தடவிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் பதினான்கு கைதிகளையும் சும்மாவே விடுதலை செய்தாள். முண்டமாக, கறுப்பாக, அவை மேஜையில் வரிசையாக நின்றன.

"தலையில்லாம எப்படி அண்ணி சண்டை போடுவாங்க?"

"தலை இருந்தப்போ மட்டும் என்னத்தைக் கிழிச்சேன்?" என்று சொல்லிவிட்டு அவள் பகடையை உருட்டினாள்.