கிடங்குத் திரையில் ஒரு புழு

கம்ப்யூட்டரில் எண்டர் தட்டுவதற்கு முன்னால் அவர் ஆட்காட்டி விரலை ஒருமுறை ஊதிக்கொள்வார், சுடுபாத்திரத்தைத் தொடப் போகிறவர் மாதிரி. கல்யாணமான நாளிலிருந்து மனைவி இதைப் பார்க்கிறாள். கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள் அவருக்கு ஊதண்ணன் என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

அந்த உதிரிபாகக் கிடங்குக்குக் கம்ப்யூட்டர் ஆள் அவர் ஒருவர்தான். அவர் எழுதிய சரக்குப் புரோகிராம் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஓடும். படம் கிடையாது, மௌஸ் கிடையாது. யாரும் குறை சொன்னதில்லை. டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் வந்து வண்ண வண்ணமாக எதையோ காட்டிவிட்டுப் போனதிலிருந்து முதலாளிக்குக் கறுப்பு கசந்துவிட்டது.

"என்னய்யா இது, கரும்பலகை மாதிரி? கட்டம் வேணும், கலர் வேணும். திங்கட்கிழமை பார்ப்பேன். இல்லேன்னா டைக்காரன்கிட்ட வாங்கிடுவேன். ஆளையும் அவங்களே போடுவாங்களாம்."

அவர்கள் ஆள் வந்தால் ஊதண்ணனுக்கு இங்கே வேலை இல்லை.

கறுப்புத் திரையிலேயே கட்டமும் வண்ணமும் வரைய யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்திருந்த ஒரு லைப்ரரி, அதாவது ஆயத்தப் புரோகிராம் தொகுப்பு, அவருக்குக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டு லேப்டாப்பில் நிறுவ உட்கார்ந்தார். அது ஓடுவதற்கு இன்னொரு தொகுப்பைக் கேட்டது. அந்த இன்னொன்று மூன்றாவதைக் கேட்டது.

"ஒருத்தரைச் சாப்பிடக் கூப்பிட்டா குடும்பமே வருதே" என்றாள் மனைவி.

எல்லாம் வந்து சேர்ந்ததும் விரலை ஊதி ஒரு கட்டம் போட்டுப் பார்த்தார். கோடு வரவேண்டிய இடமெல்லாம் எக்ஸ் எழுத்தும் க்யூ எழுத்தும் வரிசை கட்டி நின்றன.

"ஏங்க, பரீட்சைப் பேப்பர் மாதிரி எல்லாத்துக்கும் தப்புப் போட்டிருக்கு?"

"எழுத்து செட்டிங்தான் கோளாறு. கண்ணு வைக்காம இரு."

செட்டிங்கை மாற்றியதும் கட்டம் கட்டமாகவே வந்தது.

திங்கட்கிழமை காலை கிடங்குக் கம்ப்யூட்டரிலும் நிறுவினார். லைப்ரரியோடு வந்த சோதனைப் புரோகிராம் ஒன்றை ஓடவிட்டார். திரையெங்கும் பச்சையும் சிவப்புமாகப் புழுக்கள் ஊர்ந்தன. அந்த நேரம் பார்த்துப் பின்னறையில் பிரிண்டர் காகிதத்தை மென்றது. ஓடினார். முதலாளி முன்கூட்டியே வந்துவிட்டார்.

திரை முன்னால் இருந்தவர் பில் எழுதுகிறவர். 'தெரியாது' என்ற வார்த்தையை வாழ்நாளில் சொல்லாத மனிதர்.

"என்னய்யா ஊருது?"

"லாரிங்க முதலாளி. பச்சை நம்மது, சிவப்பு வெளியாளுது."

"அது ஏன் முட்டி முட்டித் திரும்புது?"

"டீசல் போடத்தாங்க."

பின்னறையில் இதைக் கேட்ட ஊதண்ணன் கையில் ஒட்டிய மையோடு ஓடிவந்தார். முதலாளி முகமெல்லாம் பல்.

"யோவ், இவ்வளவு வித்தையை வச்சுக்கிட்டு ஏன்யா மறைச்சே?"

ஆமாம் என்று தலையாட்டினால் வேலை தப்பிவிடும். ஆனால் நாளைக்கு 'எந்த லாரி எங்கே' என்று கேட்பாரே!

"லாரி இல்லீங்க, சோதனைப் புழு. நம்ம வேலை இதுதான்" என்று சரக்குக் கட்டங்களைத் திறந்து காட்டினார்.

பில் எழுதுகிறவர் கூரையில் பல்லி தேடினார். முதலாளி கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டம் சரி. புழுவை எடுத்துடாதே."

"அதுக்கு ஒரு வேலையும் இல்லீங்க."

"எனக்கும்தான் பாதி நாள் வேலை இல்லை. நான் வரலியா?"

ஊதண்ணன் ஒரே ஒரு பச்சைப் புழுவைத் திரையின் மூலையில் விட்டுவைத்தார். கம்ப்யூட்டர் நடுவில் உறைந்துவிட்டால் அதுவும் ஊராமல் நின்றுவிடும். "ஊதண்ணே, புழு படுத்துடுச்சு!" என்று மூட்டைக்காரர்கள் கத்துவார்கள். அவர் வந்து விரலை ஊதிக்கொள்வார்.

டைக்காரர் அப்புறம் வரவில்லை. ஊதண்ணன் அதே வேலையில், அதே நாற்காலியில்தான் இருக்கிறார்.